கைத்துப்பாக்கியின் மரப்பிடிக்கு எந்த எண்ணெய்?

கைத்துப்பாக்கி இரும்பினால் ஆன கருவிதான். ஆயினும் அதனை ஏந்துகின்ற கை இரும்பைத் தொடுவது சிறிதளவே. பிடியின் இரு பக்கங்களிலும் பொருத்தப்பெற்ற இரண்டு சிறு மரத்தகடுகளையே உள்ளங்கை பற்றிக்கொள்கிறது. அமெரிக்கப் படை 1911ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட கோல்ட் கைத்துப்பாக்கியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஜோன் பிரௌனிங் வகுத்த அந்தக் கருவியின் பிடிக்குப் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு வால்நட் மரத்தகடுகள் அமைந்திருந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு திருகாணிகள் இறுக்கிப் பிடித்தன. மரத்தின் மேற்பரப்பிலே குறுக்கும் நெடுக்குமாக வரி வெட்டி, சிறு சிறு வைரங்கள் பதித்தாற்போன்ற சொரசொரப்பை உண்டாக்கியிருந்தனர். பிற்காலத்தில் அந்த மரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. எனினும், அத்தகடுகளைத் தம் கையாலேயே மரத்தில் இழைத்துப் பொருத்திக்கொள்ளும் விருப்பம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றுவரை குன்றவில்லை.

இவ்வேலையில் இறங்குகிறவர் மரத்தைத் தேர்வதற்கும், அறுப்பதற்கும், அரத்தினால் வளைவு பிடிப்பதற்கும் பல நாட்களைச் செலவிடுகிறார். எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இதன்மேல் எதைப் பூசுவது? வடிவத்தில் நேர்ந்த சிறு பிழையை அரம் திருத்திவிடும். பூச்சில் நேர்ந்த பிழையோ மரத்தின் நாளங்களுக்குள் இறங்கிவிடும். அதை வெளியே எடுப்பது எளிதன்று. ஆதலின், கடைசியில் வருகின்ற இந்தக் கேள்வியை முதலிலேயே சிந்தித்துக்கொள்வது நன்று.

ஒன்றுமே பூசாமல் விட்டால் என்ன என்று சிலர் வினவக்கூடும். வெட்டி உலர்த்திய பின்னரும் மரம் ஈரத்தோடு கொண்ட உறவை விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகும்போது உள்வாங்கிப் பருக்கிறது. வறட்சி வரும்போது விட்டுக்கொடுத்துச் சுருங்குகிறது. வீட்டுக் கதவு மாரியில் இறுகிக் கோடையில் தளர்வதைக் காணாதவர் இலர். கால் அங்குல அளவே கனமுள்ள ஒரு தகடு இவ்வாறு பருத்துச் சுருங்குமாயின் திருகாணி தளரும், பிடி அசையும். பிடி அசைகின்ற துப்பாக்கியைக் கொண்டு குறி பார்ப்பது வீண் முயற்சி. இதற்குமேல் இன்னும் இரண்டு பகைகள் உண்டு. ஒன்று, கையின் வியர்வையும் அதிலுள்ள உப்பும். மற்றையது, இரும்பு துருப்பிடியாதிருக்கப் பூசுகின்ற துப்பாக்கி எண்ணெய். இது பெரும்பாலும் மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்த கனிய எண்ணெய். எந்நாளும் உலராத இது, மூடப்படாத மரத்துக்குள் ஊறி, அதனைக் கறுக்கச் செய்து மெதுமையாக்கிவிடும். பழந்துப்பாக்கிகளின் மரம் இரும்போடு சேரும் இடத்தில் கறுத்து நைந்திருப்பதற்கு இதுவே பெரிதும் காரணம்.

அப்படியாயின் தளபாடங்களுக்குப் பூசுவதுபோல வார்னிஷைப் பூசிப் பளபளக்கச் செய்துவிடலாமே? கடைக் கண்ணாடிக்குள் இருக்கும்வரை அது அழகுதான். கையில் எடுத்ததும் அதன் குறை தெரியும். வார்னிஷ் மரத்தின்மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிகிறது. அந்தத் தோல் வியர்த்த கையில் வழுக்கும். ஓரங்களில் அடிபட்டுப் பெயரும். பெயர்ந்த இடத்தை ஒட்டுப்போட்டால் ஒட்டு தெரியும். வரி வெட்டிய பிடியென்றால், சிறு வைரங்களுக்கிடையேயுள்ள பள்ளங்களை அது நிரப்பி, வெட்டிய உழைப்பையே வீணாக்கிவிடும். எண்ணெயோ மரத்தின்மேல் நில்லாமல் மரத்துள் நிற்கிறது. கைக்குத் தென்படுவது மரமே. நாட்பட்டுத் தேய்ந்தால் அதே எண்ணெயை இன்னொரு முறை தேய்த்துவிட்டாற் போதும். கையாற் பிடிக்கின்ற பொருளுக்கு எண்ணெயே ஏற்றது என்று கைவினைஞர் பலர் கொள்வது இதனாலேயே.

எந்த எண்ணெய் என்பதே இனி ஆராயத்தக்கது. வீட்டில் உள்ள எண்ணெய் எதுவாயினும் சரி என்று எண்ணிப் பிடிக்குத் தேங்காய் எண்ணெயைத் தேய்ப்பவர், சில வாரங்களில் பிசுபிசுப்பையும் ஊசல் நாற்றத்தையும் கண்டு வருந்துவார். ஏனெனில் எண்ணெய்கள் யாவும் ஓரினம் அல்ல. சில எண்ணெய்கள் காற்றுப்பட்டால் இறுகித் திண்மமாகும். சில எந்நாளும் எண்ணெயாகவே இருக்கும்.

இறுகுவதை ‘உலர்தல்’ என்று வழக்கிற் கூறுகின்றனர். உண்மையில் அங்கே எதுவும் உலர்வதில்லை. நனைந்த துணி உலரும்போது நீர் ஆவியாய்ப் போய்விடுகிறது. துணியின் நிறை குறைகிறது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது அதன் நிறை கூடுகிறது! காற்றிலுள்ள ஒட்சிசனை அது தன்னோடு சேர்த்துக்கொள்வதே இதற்குக் காரணம். அவ்வெண்ணெயின் மூலக்கூறுகளில் நிரம்பாத இணைப்புகள் பல உள்ளன. அவற்றைக் கோப்பதற்கு நீட்டிய கைகளாக உவமிக்கலாம். ஒட்சிசன் வந்து சேர்ந்ததும் ஒரு மூலக்கூறு அயலிலுள்ளதன் கையைப் பற்றுகிறது. அது அடுத்ததைப் பற்றுகிறது. இவ்வாறு எல்லாம் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிடுகின்றன. பின்னிய வலையை டேர்பன்டைன் ஊற்றியும் பழையபடி எண்ணெயாக்க முடியாது.

நீட்டிய கைகள் எத்தனை என்பதை இரசாயனவியலார் ‘அயடீன் எண்’ என்னும் அளவினால் கணிப்பர். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல் வரும். தேங்காய் எண்ணெய்க்கோ 10க்கு அண்மையில்தான். ஒலிவ் எண்ணெய் 80களில் நிற்கும். நல்லெண்ணெய் 100க்குச் சற்று மேலே நின்று, இறுகியும் இறுகாமலும் பிசினாகிவிடும். 130க்கு மேற்பட்டவற்றையே பொதுவாக உலரும் எண்ணெய் என்பர். விளக்குக்கும் தலைக்கும் தாளிதத்துக்கும் உகந்த நம் நாட்டு எண்ணெய்கள் மரத்தின் பூச்சுக்கு உதவாமைக்குக் காரணம் இதுவே. இஃது அவற்றின் குறையன்று. திரியில் இறுகிப்போகும் எண்ணெயை விளக்கிலே யார் ஊற்றுவார்?

உலரும் எண்ணெய்களுள் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது ஆளிவிதை எண்ணெய். லின்சீட் எண்ணெய் என்று சொன்னால் இலங்கையில் கிரிக்கெட் ஆடுவோர் உடனே அறிவர். புது மட்டையின் முகத்திலும் ஓரங்களிலும் அடியிலும் அவர்கள் தடவுகின்ற அதே பச்சை லின்சீட் எண்ணெயைத்தான் பிரித்தானியப் படைவீரர் தம் லீ-என்பீல்ட் துப்பாக்கிகளின் மரத்தில் தேய்த்து வந்தனர். இலண்டனின் உயர்தரத் துப்பாக்கிச் செய்ஞர் அதில் அல்கனெட் என்னும் செடியின் வேரை ஊறவைத்து, எண்ணெய் செந்நிறம் பெற்றதும் வால்நட் மரத்திற் பூசுவர். மரத்தின் இரேகைகள் அச்செம்மையிலே எடுப்பாகத் தோன்றும். பச்சை லின்சீட் ஆழமாக ஊறும்; மரத்துக்கு வெம்மையான நிறத்தைத் தரும். ஆனால் இறுகுவதற்கு அது நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் பொறுமையைக் கேட்கும். ஈரம் மிகுந்த இடத்தில் பூஞ்சணமும் பிடிக்கலாம். நீரைத் தடுக்கும் ஆற்றலும் அதற்குக் குறைவே.

‘காய்ச்சிய லின்சீட்’ என்று விற்கப்படுவது வேறு. முற்காலத்தில் ஈயக்கூட்டுகளைச் சேர்த்து உண்மையாகவே காய்ச்சினர். இக்காலத்தில் பெரும்பாலும் காய்ச்சுவதில்லை; பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. கோபாற்று, மங்கனீசு முதலிய உலோகங்களின் உப்புகள் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. அவை ஒட்சிசன் சேர்வதைத் துரிதப்படுத்துவதால், மெல்லிய பூச்சு ஏறக்குறைய ஒரு நாளில் இறுகிவிடும். முதன்முறை பிடி செய்கிறவருக்குப் பச்சையைவிட இதுவே வசதி.

அடுத்தது சீனத்திலிருந்து வந்த துங் எண்ணெய். துங் மரத்தின் விதைகளிலிருந்து பிழியப்படுவது இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீனம் சென்ற மார்க்கோ போலோ, அந்நாட்டார் மரத்திலிருந்து பெற்ற எண்ணெயோடு சுண்ணாம்பையும் சணலையும் இடித்துக் கலந்து கப்பலின் பொருத்துகளை அடைத்ததை எழுதி வைத்திருக்கிறார். கப்பலுக்குத் தகுந்தது வியர்வைக்கும் தகும். லின்சீட்டைவிட நீரை நன்கு தடுப்பதும், நாட்பட மஞ்சளாவது குறைவாயிருப்பதும் துங் எண்ணெயின் சிறப்புகள். தடிப்பாகப் பூசினால் மேற்பரப்பு சுருங்கித் திரைந்து பனி படர்ந்தாற்போல் மங்கிவிடும் என்பது அதன் குறை. மெல்லிய பூச்சாகப் பலமுறை இட்டு, ஒவ்வொரு முறைக்கும் இடையே இரண்டு மூன்று நாட்கள் விடல் வேண்டும். முற்றாக இறுக ஒரு மாதம் அளவு செல்லும். இங்கே வாங்குகிறவருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘துங் எண்ணெய்ப் பூச்சு’ என்று எழுதிய புட்டிகள் பலவற்றுள் துங் எண்ணெய் சொற்பமாகவே இருக்கும். சிலவற்றில் இல்லவே இல்லை. வார்னிஷையும் கரைப்பானையும் சேர்த்த கலவைக்கு அப்பெயரைச் சூட்டியிருப்பர். ‘தூய’ என்ற சொல் உண்டா என்று புட்டியின் சீட்டைப் படித்துப் பார்ப்பது நலம்.

கலவைகள் யாவும் தீயன என்று கொள்ளவேண்டியதில்லை. ‘டேனிஷ் எண்ணெய்’ என்பதும் எண்ணெய், வார்னிஷ், கரைப்பான் மூன்றும் சேர்ந்ததே. துப்பாக்கி மரத்துக்கென்றே அமெரிக்காவில் விற்கப்படும் ‘ட்ரூ-ஆயில்’ என்பதும் வேகமாக இறுகும் இவ்வகைப் பூச்சே. தனி எண்ணெயின் ஆழமும் வார்னிஷின் தாங்கும் ஆற்றலும் இவற்றிற் சற்றுச் சற்றாகக் கிடைக்கும். ஆனால் பூச்சுக்குமேற் பூச்சாக ஏற்றிக்கொண்டே போனால் அவையும் தோலாகப் படிந்து வழுக்கத் தொடங்கும். இரண்டு மூன்று மெல்லிய பூச்சோடு நிறுத்திக்கொள்கிறவருக்கே அவற்றின் பயன் கிட்டும். வால்நட் பருப்பின் எண்ணெயும் உலரும் இனமே. ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக அதை வண்ணத்தில் குழைத்து வந்தனர். மணம் குறைவு, நிறமும் தெளிவு. மெதுவாக இறுகுவதால் பிடி செய்வோர் அதனை அதிகம் நாடுவதில்லை.

எண்ணெயை மட்டும் ஆராய்ந்தாற் போதாது. அதை ஏற்கின்ற மரத்தையும் ஆராய வேண்டும். புதிதாய்த் தொடங்குவோர் இடறி விழுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். வால்நட் மரம் எண்ணெயை விருப்போடு ஏற்கும். அதன் நுண்துளைகள் திறந்திருப்பதால், முதற் பூச்சு ஈரமாயிருக்கும்போதே 400ஆம் இலக்கத் தேய்ப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பர். மரத்தூளும் எண்ணெயும் குழைந்து சேறாகித் துளைகளை அடைக்கும். இறுகியபின் மேற்பரப்பு பளிங்குபோல் ஒத்திருக்கும். மத்திய அமெரிக்காவின் கொக்கோபோலோ மரமோ வேறு குணம் உடையது. செம்மையும் கருமையும் கலந்த அதன் அழகுக்காகப் பிடி செய்வோர் அதனைத் தேடிச் செல்வர். நூக்க மரத்தின் இனத்தைச் சேர்ந்த அந்த மரத்தில் இயற்கையாகவே எண்ணெயும் பிசினும் நிறைந்துள்ளன. அவற்றுள் ஒட்சிசன் சேர்வதைத் தடுக்கும் பொருள்களும் உண்டு. அதன்மேல் லின்சீட்டைப் பூசினால் நாட்கள் வாரங்களாகியும் இறுகாது பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் கெட்டது என்று கடைக்காரரை நோவதிற் பயனில்லை. மரமே அதை இறுகவிடவில்லை.

இத்தகைய மரத்துக்கு என்ன செய்வது? பூசுவதற்குச் சற்று முன்னர் அசற்றோனால் துடைத்து மேற்பரப்பிலுள்ள பிசினை நீக்குவர் சிலர். அதுவும் எப்போதும் கைகொடுப்பதில்லை. மதுசாரத்தில் கரைத்த அரக்கை மெல்லியதாகப் பூசி இடையே ஒரு திரையிட்டு, அதன்மேல் வேறு பூச்சை இடுவர் வேறு சிலர். இவற்றைவிட எளிய வழி, எண்ணெயை முற்றாக விட்டுவிடுவதுதான். கொக்கோபோலோ தன் எண்ணெயைத் தானே கொண்டிருக்கிறது. மிக மெல்லிய தேய்ப்புத்தாளால் இழைத்து, சிறிது மெழுகைத் துணியில் தொட்டுத் துலக்கினால் அதன் ஒளி தானே வெளிப்படும். பூச்சின்மையே சிறந்த பூச்சாகின்ற மரங்களுள் அதுவும் ஒன்று. கருங்காலியும் ஏறக்குறைய இத்தகையதே. அடர்த்தி மிகுந்த அம்மரத்துள் எண்ணெய் நுழைவது சிறிதளவே. கொக்கோபோலோவின் தூள் பலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் என்பதையும் இங்கே கூறிவைத்தல் தகும். இழைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம்.

பூசும் முறையில் மறைபொருள் ஒன்றுமில்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லையென்பதை உறுதிசெய்த பின்னர்த் தகடுகளைக் கழற்றி எடுத்துத் தனியே வைத்துக்கொள்வர். துணியில் சில துளிகளை எடுத்து மரத்தில் தேய்த்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயை முழுதும் துடைத்துவிட வேண்டும். மேலே தேங்கி நிற்பது பாதி இறுகிப் பிசினாகும்; ஆதலின் துடைப்பதிலேதான் வேலையின் வெற்றி தங்கியுள்ளது. வளைவாக இழைத்த தகட்டின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மரத்தின் நாளங்கள் வாய் திறந்து நிற்கும். அவை மற்றைய இடங்களைவிட அதிகம் குடிக்கும், குடிக்கும்வரை கொடுக்கவேண்டும். வரி வெட்டிய பகுதியில் எண்ணெய் தேங்காதபடி பழைய பல்துலக்கியொன்றால் தட்டி எடுப்பர். ஆங்கில நாட்டுக் கைவினைஞரிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: முதல் வாரம் நாளொன்றுக்கு ஒரு முறை, முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறை, முதல் ஆண்டு மாதத்துக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. மேசைக்கு அது பொருந்தும். உள்ளங்கை அகலமே உள்ள பிடிக்கு அத்தனை தேவையில்லை. நான்கைந்து பூச்சு போதும்.

துடைத்த துணியைப் பற்றிச் சொல்லாமல் இந்த விடயத்தை முடித்தல் தகாது. எண்ணெய் ஒட்சிசனோடு சேரும்போது வெப்பம் பிறக்கிறது என்பதைப் பலர் அறியார். மரத்தில் அந்த வெப்பம் காற்றோடு கலந்துபோகும். லின்சீட்டில் நனைந்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்தாலோ, பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே பெருகும். வெப்பம் பெருகப் பெருகச் சேர்க்கையும் விரைவுறும். யாரும் நெருப்பு வையாமலே சில மணி நேரத்தில் துணி தானாகத் தீப்பற்றும். இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 1991ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 38 மாடிகள் கொண்ட மெரிடியன் பிளாசா என்னும் கட்டடம் தீப்பற்றியது. மரப்பலகைகளுக்கு மெருகூட்டிய வேலையாட்கள் லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணிகளை 22ஆவது மாடியில் விட்டுச் சென்றிருந்தனர். இரவில் அத்துணிகள் தாமாகவே எரியத் தொடங்கின. எட்டு மாடிகளைத் தின்ற நெருப்பு, தானே நீர் தெளிக்கும் அமைப்பிருந்த 30ஆவது மாடியை எட்டியபோதே அடங்கியது. தீயணைக்கும் படையினர் மூவர் உயிரிழந்தனர். அந்தக் கட்டடத்தில் அதன்பின் எவரும் குடியேறவில்லை. 1999ஆம் ஆண்டளவில் அது இடித்து அகற்றப்பட்டது. இரண்டு சிறு மரத்தகடுகளுக்குப் பூசுகிறவரிடம் ஒரு சிறு துணிதான் இருக்கும். அதையும் விரித்துக் கொடியிற் போட்டு, விறைப்பாகும்வரை உலரவிட்டே எறிய வேண்டும். அல்லது நீர் நிறைந்த தகரப் பேணியில் அமிழ்த்தி மூடிவைக்க வேண்டும்.

இறுதியாகக் கையின் இயல்பையும் எண்ணுதல் வேண்டும். வியர்க்காத கையுடையவருக்குச் சற்று ஒளியுள்ள பூச்சும் துன்பம் தராது. அதிகம் வியர்க்கும் கைக்கு, மரத்தின் மேற்பரப்பில் ஒன்றுமே நில்லாத வண்ணம் மிகக் குறைவாக எண்ணெய் ஊட்டிய மரம்தான் உகந்தது. குறிசுடும் போட்டியாளர் பலரின் பிடிகளில் மினுமினுப்பைக் காணமுடியாது. 2016ஆம் ஆண்டுவரை ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 50 மீற்றர் கைத்துப்பாக்கிப் போட்டியில் கையைச் சூழ்ந்து கவ்வும் மரப்பிடிகள் பயன்பட்டன. இத்தகைய பிடிகளின் மேற்பரப்பைச் சிறு புள்ளிகளாகக் கொத்திச் சொரசொரப்பாக்கியிருப்பர். அங்கே எண்ணெயின் கடமை ஈரத்தைத் தடுப்பது மட்டுமே, அழகு செய்வதன்று. ஆதலின் வால்நட் பிடிக்கு, வியர்க்கும் கையாயின் தூய துங் எண்ணெயையும், காத்திருக்க நேரமற்றவராயின் காய்ச்சிய லின்சீட்டையும் தேர்வது பொருத்தம்.

பூச்சு இறுகிவிட்டதா என்பதை அறிய மூக்கும் ஒரு வெள்ளைத் துணியும் போதும். எண்ணெயின் கார மணம் முற்றாக நீங்கி, துணியை மரத்தில் அழுத்தி எடுத்தால் கறை படியாதிருக்குமாயின் தகட்டைத் திருகாணியிட்டுப் பூட்டலாம். பூட்டுமுன் தகட்டின் உட்புறத்தையும் திருகாணித் துளைகளின் உள்விளிம்பையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பக்கமென்று அவற்றைப் பூசாது விடுவோர் பலர். துப்பாக்கி எண்ணெய் மரத்துள் முதலில் நுழைவது அவ்வழியாகத்தான்.